விசாவில் இரண்டு வருடம் போட்டிருக்கிறது. அம்மா இரண்டு வருடம் இருக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். நான் நிரந்தரவாசி, கணவர் சிங்கப்பூரர். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். செப்டம்பர் 20ஆம் தேதி பிரசவத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். அம்மாவுக்கு சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வழியாக நானே விசா போட்டேன். இரண்டு வருடத்துக்கு வந்திருக்கிறது. ஜூலை 1ஆம் தேதி வளைகாப்புக்கு வந்து, பிள்ளை பிறந்து மூன்று மாதம் இருந்துவிட்டு டிசம்பர் கடைசியில் திரும்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நாள் போதாவிட்டால் ஜோகூர் போய் வந்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பாவுக்கு ஜோகூரின் கண்ணாடிக் கோவிலைப் பார்க்க ஆசை. அவர் செப்டம்பரில் வருவார். இன்னும் விசா போடவில்லை. அவருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அடுத்த ஜனவரி வரை இருக்கிறது. அம்மாவின் கடப்பிதழில் ஒரே பெயர்தான், இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்றும் இருக்கிறது. இதற்குத் தனியாக கிளியரன்ஸ் வாங்க வேண்டும், எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் ஊரில் ஒரு முகவர். பத்தியச் சாமான் என்னென்ன கொண்டு வரலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஈசூன் வாசகிக்கு,

நல்லபடியாகப் பிள்ளை பெற்று, தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப வாழ்த்துகள்.

நீங்கள் இசிஆருக்காகவும் ஒற்றைப் பெயருக்காகவும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டும் பெரிதாகப் படவில்லை. "இரண்டு வருடத்துக்கு வந்திருக்கிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை நிறுத்தியது. சிராங்கூன் சாலைப் பக்கம் பயண வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வரியில் பிறந்தவை.

விசாத் தாளில் இருக்கும் தேதி, அதற்குள் அம்மா சிங்கப்பூருக்கு வந்து இறங்கலாம் என்பதற்கான தேதி. பலமுறைப் பயணம் என்று போட்டிருந்தால் அந்த இரண்டு வருடத்துக்குள் பல தடவை வரலாம். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம் என்பது அதில் இருக்காது. அதை முடிவு செய்வது, அவர் வந்து இறங்கும் அன்று குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். அந்த அனுமதிக்கு வருகை அனுமதி என்று பெயர். இந்தியக் கடப்பிதழில் குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 30 நாள் தருகிறார்கள். குறைவாகவும் தரலாம்.

முன்பெல்லாம் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. கடப்பிதழில் முத்திரை குத்தி, எந்தத் தேதி வரை என்று அதிலேயே தெரியும். வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவார்கள். இப்போது முத்திரை கிடையாது. மின்னியல் வருகை அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. எந்த மின்னஞ்சலுக்கு? புறப்படுமுன் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டையில் எதைக் கொடுத்தோமோ அதற்கு. ஊரில் டிக்கெட் போட்டவரே "இதையும் நானே நிரப்பித் தருகிறேன் அம்மா" என்று தன் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பிவிடுவார். கடைசித் தேதி சொல்லும் கடிதம் திருச்சியில் யாரோ ஒருவருடைய இன்பாக்சில் கிடக்கும்.

ஒரு பெரியவர் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. மகனும் மருமகளும் விசாத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக மேசையில் வைத்திருந்தார்கள். அதில் தேதி அடுத்த வருடம். அவரும் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் கூட்டி வருவதுமாக நிம்மதியாக இருந்தார். திரும்பும் சீட்டுக்குத் தேதி மாற்ற என்னிடம் வந்தார்கள். "வருகை அனுமதி எங்கே?" என்று கேட்டேன். "அது என்ன?" என்றார் மகன். ஆணையத்தின் இணையத்தளத்தில் அனுமதியைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கடப்பிதழ் எண்ணைத் தட்டிப் பார்த்தோம். முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பெரியவர் திரையைப் பார்க்கவில்லை, மகனின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் காலை லவெண்டரில் இருக்கும் ஆணையக் கட்டடத்துக்குப் போய் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருடம் பேரனின் பிறந்தநாளுக்குப் போட்ட விசா கிடைக்கவில்லை.

சட்டம் இதில் இளகுவதில்லை. 90 நாள் வரை கூடுதலாகத் தங்கினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் தண்டனை இன்னும் கடுமை. தெரிந்தே வீட்டில் தங்க வைத்தவர்மீதும் வழக்கு வரலாம்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். தந்த நாளுக்கு மேல் வேண்டுமென்றால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளின் நெருங்கிய உறவினருக்கு, வந்த நாளிலிருந்து 89 நாள் வரை நீட்டிக்க வழி உண்டு. தருவதும் தராததும் ஆணையத்தின் முடிவு என்றாலும், மகளின் பிரசவம் என்பது நியாயமான காரணம். ஆனால் நீங்கள் சொல்லும் திட்டத்தை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜூலை 1ஆம் தேதி வந்தால் 89ஆவது நாள் செப்டம்பர் 27. உங்களுக்கு நாள் குறித்திருப்பது 20. பிள்ளை பிறந்து ஒரு வாரம், உங்களுக்கு இன்னும் எழுந்து நடக்கவே முடியாத நேரம், அம்மா பெட்டி கட்ட வேண்டும். நாள் தள்ளிப் பிறந்தால் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த கையோடு விமானம் ஏற வேண்டும்.

என்னைக் கேட்டால், ஜூலைப் பயணத்தை விட்டுவிடுங்கள். அம்மா செப்டம்பர் 5 வாக்கில் வரட்டும். அப்போது 89ஆவது நாள் டிசம்பர் 2. விசா இரண்டு வருடத்துக்கு இருப்பதால் அது வீணாகாது, புதிதாக 30 வெள்ளி கட்டவும் வேண்டாம். வளைகாப்பை ஏழாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளி, அம்மா வந்த அடுத்த வாரமே வீட்டோடு செய்துகொள்ளலாம். ஒன்பதாம் மாத வளைகாப்பு எத்தனையோ வீடுகளில் வழக்கம்தான். ஏழாம் மாதமே வேண்டும் என்று கணவர் வீட்டில் சொன்னால் அவர்கள் போடட்டும், அம்மா வாங்கி வைத்திருக்கும் வளையலை அப்புறம் அடுக்கிக்கொள்ளுங்கள். வளையலுக்குக் காலாவதி கிடையாது. டிசம்பரில் மாமியார் ஒரு மாதம் வந்து இருக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இதில் இன்னொரு இடறலும் இருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி வந்து 30 நாள் கிடைத்தால் அக்டோபர் 4 வரை இருக்கலாம். நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கடைசி நாளில் போடக் கூடாது, பத்து நாளுக்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பது என் பழக்கம். அப்படியென்றால் செப்டம்பர் 24 வாக்கில். நீங்கள் மருத்துவமனையில் இருப்பீர்கள், அல்லது இரவெல்லாம் கண்விழித்து, என்ன கிழமை என்றே தெரியாமல் இருப்பீர்கள். ஆகவே இந்த வேலையை இப்போதே கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அம்மா வந்து இறங்கிய அன்றே மின்னஞ்சலைத் திறந்து, அதில் இருக்கும் தேதியைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விரல்விட்டு எண்ண வேண்டாம், மின்னஞ்சலில் போட்டிருக்கும் தேதிதான் கணக்கு. உங்கள் பிறப்புச் சான்றிதழ், மருத்துவர் தந்த கடிதம், அம்மாவின் திரும்பும் விமானச் சீட்டு மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் அம்மாவின் பெயரும் அவருடைய கடப்பிதழில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்துகளில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர்ச் சான்றிதழ்களில் 'லட்சுமி'யை நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

நீண்டகால வருகை அனுமதி என்று வேறொன்றும் இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் பரிசீலனை, வாரக்கணக்கில் காத்திருப்பு. ஒரு பிரசவத்துக்காக அதில் இறங்க வேண்டாம்.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை. ஜோகூருக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் புதிதாக முப்பது நாள் கிடைக்கும் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும் வைத்தியம். சிலருக்குக் கிடைத்திருக்கிறது, பொய்யில்லை. கிடைக்காதவர்கள் அதைப் பற்றி மின்தூக்கியில் நின்று பேசுவதில்லை. திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் சாவடியில் அதிகாரி உங்கள் அம்மாவின் வரவு போக்கு எல்லாவற்றையும் திரையில் பார்க்கிறார். நாளை நீட்டிக்கத்தான் போய்வருகிறார் என்று தோன்றினால் குறைந்த நாள் தரலாம், உள்ளே விடாமலும் இருக்கலாம். கைப்பையோடு வந்த அம்மாவைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இதைவிட ஒரு நுட்பம் பலருக்குத் தெரியாது. டிசம்பர் 2 வரை நீட்டிப்பு வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். அதன் பிறகு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் போனால், சாவடியைத் தாண்டியதுமே அந்த நீட்டிப்பு முடிந்துபோகும். திரும்பும்போது கிடைப்பது புது அனுமதி, புதுக் கணக்கு. பாடுபட்டு வாங்கியதைக் கோவில் வாசலில் தொலைத்த மாதிரி. ஆகவே நீட்டிப்பு கையில் இருக்கும்போது அம்மா எல்லை தாண்ட வேண்டாம். பிள்ளை பிறந்த வீட்டில் அவருக்கு அதற்கு நேரமும் இருக்காது.

அப்பா போகட்டும். தலைப்பிரசவத்துக்கு வரும் தாத்தாக்கள் இரண்டாவது வாரத்திலேயே தொலைக்காட்சிக்கு எதிரே தூங்க ஆரம்பித்துவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு நாள் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்குக் கூட்டிப் போவது இருவருக்கும் நல்லது. அதற்கு மூன்று காரியம். முதலாவது, அப்பாவின் சிங்கப்பூர் விசா பலமுறைப் பயணத்துக்கானதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறைதான் என்றால் போன பிறகு திரும்ப வர முடியாது. அப்படி வந்தால் கோவிலை மறந்துவிட்டு சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது, மலேசியா. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா விலக்கு உண்டு, 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். விசா வேண்டாம் என்றாலும் மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். உங்கள் கணவருக்கு அது தேவையில்லை, சிங்கப்பூரர்களுக்கு விலக்கு. இந்தியக் கடப்பிதழோடு இருக்கும் நிரந்தரவாசியான உங்களுக்குத் தேவை. மூன்றாவது, திரும்பி வரும்போது அப்பாவுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டை மறுபடி நிரப்ப வேண்டும். முதல் தடவை நிரப்பியது முதல் தடவையோடு முடிந்தது. சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்பும் கூட்டத்தை வார இறுதியில் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் பிறகொரு நாள் போவதாக இருந்தால், உங்கள் மறுநுழைவு அனுமதி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நிரந்தரவாசி அட்டை கையில் இருந்தாலும், அந்த அனுமதி முடிந்த நிலையில் வெளிநாட்டில் இருந்தால் தகுதியே ஆட்டம் காணும். 2025 டிசம்பர் 1 முதல், வெளியே இருந்தபடி விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் தருகிறார்கள். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அப்பாவின் கடப்பிதழைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, தகவலாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் உடனே கைவைக்க வேண்டியது அதுதான். சிங்கப்பூருக்குள் வருகிறவரின் கடப்பிதழ் வரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். செப்டம்பரில் வருகிறவருக்கு மார்ச் வரையாவது இருக்க வேண்டும். அவருடையது ஜனவரியில் முடிகிறது. முன்பு இப்படி வருகிறவர்கள் சாங்கியில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள். 2026 ஜனவரி 30 முதல், நுழைவுத் தகுதி இல்லாதவர்களை ஏற்ற வேண்டாம் என்று ஆணையமே விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டி உத்தரவு அனுப்புகிறது. ஆக, திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள். பேரப்பிள்ளைக்கு வாங்கிய கொலுசைப் பையில் வைத்துக்கொண்டு மனிதர் அறந்தாங்கிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

முதலில் புதிய கடப்பிதழ், அதன் எண் வந்த பிறகு விசா, அதற்கும் பிறகு டிக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விசா கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டது. பழைய எண்ணில் போட்டால் மறுபடி முதலிலிருந்து. புதுப்பித்தலுக்குக் காவல்துறை விசாரணையும் வரலாம் என்பதால் இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விசாவுக்கு, வருவதற்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். பொதுவாக மூன்று வேலை நாளில் முடிவு தெரியும். கட்டணம் 30 வெள்ளி, கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. அம்மாவுக்கு நீங்களே போட்டீர்களே, அப்பாவுக்கும் அப்படியே போடுங்கள், எங்களைப் போன்றவர்களுக்குச் சேவைக் கட்டணம் தர வேண்டாம். படம் மட்டும் கவனம். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து அப்பாவை வெட்டி எடுத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோளில் யாரோ ஒரு பெரியம்மாவின் விரல் தெரியும்.

இசிஆர் விஷயத்தில் அந்த எட்டாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஏமாற்றப்படக் கூடாது என்று இந்திய அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அது. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. மலேசியா இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிறவருக்குத்தான். மகள் வீட்டுக்கு வருகிறவருக்குக் கிளியரன்ஸ் எதுவும் வேண்டாம்.

ஒற்றைப் பெயரும் அப்படித்தான். ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருள்ள சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்ததிலிருந்து இந்தப் பயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. சிங்கப்பூரில் அப்படி விதி இல்லை. கடப்பிதழில் மீனாட்சி என்று மட்டும் இருந்தால், விசா விண்ணப்பத்திலும் வருகை அட்டையிலும் மீனாட்சி என்று மட்டுமே எழுத வேண்டும். அப்பா பெயரையோ இனிஷியலையோ நாமாகச் சேர்க்கக் கூடாது. டிக்கெட் போடும் இடத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் நகர விடாது என்பதால் சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும். சீட்டில் 'மீனாட்சி மீனாட்சி' என்று அச்சாகி வந்தால் திடுக்கிட வேண்டாம். உங்கள் விமான நிறுவனம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வருகை அட்டையை நீங்களே, உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து நிரப்புங்கள். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கு ஐம்பது, அறுபது வெள்ளி கேட்கும். அவை ஆணையத்தின் தளங்கள் அல்ல. ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் நிரப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. திருச்சியில் இரவு ஏறி மறுநாள் காலை இங்கே இறங்கும் விமானம் என்றால், இறங்கும் நாளைத்தான் வருகைத் தேதியாகப் போட வேண்டும்.

சாங்கியில் இப்போது தானியக்கத் தடங்கள். முகம், கருவிழி, விரல் ரேகை. வயலிலும் அடுப்படியிலும் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும், இயந்திரம் படிக்காது. எங்கள் வாடிக்கையாளர்களின் அம்மாக்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். பதற வேண்டாம், பக்கத்தில் நிற்கும் அதிகாரி கையால் பார்க்கும் முகப்புக்கு அனுப்புவார். உங்கள் புளோக் எண், வீட்டு எண், அஞ்சல் குறியீடு, உங்கள் இருவரின் தொலைபேசி எண்கள், திரும்பும் சீட்டு எல்லாம் ஒரே தாளில் அவர் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டாம்.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் தொலைபேசியில் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டதற்கு ஒரு பாட்டி வெள்ளந்தியாக, "மக வீட்டுல வேலை பாக்க வந்திருக்கேன்" என்றார். நம் காதில் அது பாசம். குடிநுழைவு அதிகாரியின் காதில் அது வேலை அனுமதி இல்லாத வேலைக்காரர். தனியறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே மகள் பூச்செண்டோடு நிற்கிறாள். "மகளுக்குப் பிரசவம், பார்க்க வந்திருக்கிறேன்." அவ்வளவு போதும், அதுதான் உண்மையும்கூட.

பத்தியச் சாமானில் முதலில் எடுத்துப் போட வேண்டியது கசகசா. ஊரில் மளிகைக் கடையில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும் அதே கசகசாதான். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைசெய்யப்பட்ட பொருளாக வைத்திருக்கிறது, அபினிச் செடியின் விதை என்பதால். தனியாக மட்டுமல்ல, அரைத்த குருமாப் பொடியிலும் இருக்கக் கூடாது. அம்மா வீட்டில் மசாலா அரைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிரசவ லேகியம் வீட்டில் கிண்டியது, இஞ்சி, மிளகு, திப்பிலி, கருப்பட்டி என்று அவருக்குத் தெரிந்த சாமான்கள் மட்டும் என்றால் ஒரு சிறு டப்பா கொண்டு வரலாம். நாட்டு மருந்துக் கடையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கட்டித் தரும் உருண்டைகள் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

நாட்டுக்கோழி உப்புக்கண்டம், ஆட்டிறைச்சி வற்றல், முட்டை எதுவும் இந்தியாவிலிருந்து கொண்டுவர முடியாது. நெத்திலிக் கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் வகை மொத்தம் ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பயணியை நினைத்தாவது மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்லுங்கள். பால் சுறா தேக்கா சந்தையில் புதிதாகவே கிடைக்கும். நாட்டுக்கோழிக்குக் கம்போங் கோழி. பூண்டு, பெருங்காயம், சுக்கு, ஓமம் எல்லாம் சிராங்கூன் சாலையில் அடுத்தடுத்த கடைகளில் இருக்கின்றன. பெட்டியின் இருபது கிலோவை அவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்.

அப்பா வெற்றிலை போடுகிறவராக இருந்தால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெல்லும் புகையிலை இங்கே தடை. சட்டைப் பையில் மறந்து வைத்திருக்கும் பொட்டலத்துக்கும் இது பொருந்தும். சிகரெட்டுக்கு ஒரு குச்சிகூட வரிவிலக்கு கிடையாது.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு, மருத்துவர் சீட்டோடு, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு வரலாம். ஆனால் தூக்க மாத்திரை, அல்பிரசோலம், டயசிபாம் வகை, கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஊரில் இருமலுக்கு மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் புட்டியில் என்ன இருக்கிறது என்று பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைக்குக் காப்பு, அரைஞாண், சங்கிலி என்று அம்மா ஏற்கெனவே நகைக்கடை ஏறியிருப்பார். அவர் வழக்கமாக அணியும் தாலிக்கொடிக்கும் வளையலுக்கும் பிரச்சினை இல்லை. புதிதாக வாங்கிய பரிசுப்பொருள் 500 வெள்ளிக்கு மேல் போனால், மிஞ்சிய தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். இப்போதைய தங்க விலையில் ஒரு சின்னக் காப்பே அந்த வரம்பைத் தொட்டுவிடும். ரசீதோடு வந்து சுங்கத்துறையின் சிவப்புத் தடத்தில் சொல்லிக் கட்டிவிடச் சொல்லுங்கள். சேலைமுடிச்சில் வைத்துக் கொண்டு வந்து பிடிபட்டால் வரிக்கு மேல் அபராதமும் சேரும்.

இருவருக்கும் பயணக் காப்புறுதி எடுத்துவிடுங்கள். வருகையாளருக்கு இங்கே மருத்துவ மானியம் கிடையாது. ஒரு நெஞ்சுவலி, இரண்டு இரவு வார்டு என்றால்கூடத் தொகை ஆயிரக்கணக்கில் போகும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் பணம் தருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். விலை மலிவு என்று எடுக்கும் காப்புறுதிகளில் பெரும்பாலானவை சர்க்கரை, கொதிப்பு என்றதும் கையை விரித்துவிடும்.

இன்று செய்ய வேண்டியது இரண்டு தொலைபேசி அழைப்பு. அம்மாவிடம் ஜூலை டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள், இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பாவிடம் கடப்பிதழ் சேவை மையத்துக்கு நாள் வாங்கச் சொல்லுங்கள். அவர் பழைய கடப்பிதழை மறக்காமல் எடுத்துப் போகட்டும்.